வாக்குறுதிக்குத் தனி விலை

பழைய கார் வாங்கும் பேரத்தில் வாரண்டிப் பேச்சு எந்த இடத்தில் வருகிறது என்று கவனித்தாலே பாதி விஷயம் விளங்கிவிடும். அது முதலில் வருவதில்லை. முதலில் வருவது வண்டியின் வம்சாவளி: சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி, வாரத்துக்கு ஒருநாள் கோயிலுக்கு மட்டும் வெளியே எடுத்தது, கம்பெனி சர்வீஸ் ஒன்றுகூடத் தவறியதில்லை. (தமிழ்நாட்டு டாக்டர்கள் இத்தனை கார்களை வாங்கி இவ்வளவு குறைவாக ஓட்டியிருப்பது ஆச்சரியமானதுதான்.) பிறகு ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பது, விலை, அடித்துப் பேசுவது, அட்வான்ஸ். எல்லாம் முடிந்து, பெயர் மாற்றத்துக்கான 29, 30 எண் படிவங்கள் மேசைக்கு வரும்போது கூடவே வழவழப்பான ஒரு மடிப்புத்தாளும் வருகிறது.

“ஒரு வருஷ வாரண்டி போட்டுக்குங்க சார். பன்னெண்டாயிரம்தான் வரும். இன்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் கவர் ஆயிடும். நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கையைக் கடிக்காது.”

அரை மணி நேரத்துக்கு முன்னால் இதே மனிதர், இதே நாற்காலியில் இருந்தபடி, இந்த இன்ஜினில் இன்னும் ஐந்து வருஷத்துக்கு யாரும் கை வைக்க வேண்டியிருக்காது என்று சொல்லியிருந்தார். இரண்டில் எதை நம்புவது என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. அட்வான்ஸ் கொடுத்த கணத்திலேயே அவர் கட்சி மாறிவிடுகிறார். அதுவரை குறை தேடிய கண், குறை எதுவும் தட்டுப்படாமல் இருக்க வேண்டுமே என்று விரும்பத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பலவீனமான பொழுது பார்த்துத் தாள் நீட்டப்படுகிறது. ஆகவே அதைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து, வண்டி கண்ணில் படாத நேரத்தில் யோசிப்பது நல்லது.

பழைய கார் சந்தையை வைத்துப் பெரிய யோசனை செய்தவர் ஒருவர் உண்டு. ஜார்ஜ் அகெர்லாஃப் 1960களின் பிற்பாதியில், பெர்க்லியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் ஆசிரியராக இருந்தபோது, அந்தச் சந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். மூன்று ஆய்விதழ்கள் அதைத் திருப்பி அனுப்பின. இது அற்ப விஷயம் என்பது அவற்றில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. கடைசியில் 1970இல் அச்சேறியது. 2001இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு அந்த அற்ப விஷயமே அடிப்படை.

அவர் வாதம் எளியது. வண்டியின் உள்விவகாரம் விற்கிறவருக்குத் தெரியும், வாங்குகிறவருக்குத் தெரியாது. தெரியாதவர் நல்ல வண்டிக்கான விலையைத் தரமாட்டார். நல்லதும் கெட்டதும் கலந்த சராசரிக்குத்தான் தருவார். அந்த விலைக்குத் தன் நல்ல வண்டியைக் கொடுக்க மனமில்லாதவர் அதை வீட்டிலேயே நிறுத்திக்கொள்வார். சந்தையில் மிஞ்சுவது முன்னைவிட மோசமான கூட்டம். விலை இன்னும் இறங்கும், அடுத்த நல்ல வண்டியும் விலகும். அகெர்லாஃப் 1967-68இல் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் ஓராண்டு இருந்தவர். அந்தக் கட்டுரைக்குள் நம் கடைத்தெரு அரிசியும் வருகிறது. அரிசியின் நிறத்திலும் வடிவிலும் கல் தேடிப் பிடித்துக் கலக்கிறார்கள், வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து அதைப் பொறுக்குகிறார்கள் என்று எழுதுகிறார். அரிசிக்கு முறம் இருக்கிறது. காரைப் போட்டுப் புடைக்க முடியாது.

இந்தச் சீரழிவைத் தடுக்கிற வழிகளில் ஒன்றாக அதே கட்டுரை உத்தரவாதத்தைச் சொல்கிறது. பழுதானால் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று விற்கிறவர் சொன்னால் அபாயம் வாங்கியவர் தலையிலிருந்து இறங்கி அவர் தலைக்குப் போகிறது. இதிலிருந்து இன்னொன்றும் கிடைக்கிறது. ஓட்டை வண்டி வைத்திருப்பவருக்கு அப்படிச் சொல்லிக் கட்டுப்படியாகாது. ஆகவே சொல்கிறவரின் துணிச்சலே வண்டியைப் பற்றிய தகவல் ஆகிவிடுகிறது.

ஆனால் அந்தத் துணிச்சலுக்கு மதிப்பு வருவது அது சொன்னவருக்குச் செலவு வைக்கும் என்பதால்தான். மடிப்புத்தாளில் செலவு கேட்டவருக்குப் போய்விட்டது. 12,000 ரூபாயைக் கொடுப்பவர் வாங்குகிறவர். பழுதுக்குப் பணம் தருவதாகச் சொல்வது பெரும்பாலும் வேறு ஊரில் இருக்கும் மூன்றாவது ஒரு நிறுவனம். நடுவில் இருக்கும் விற்பனையாளர் தன் வாக்கின்மேல் ஒரு ரூபாயும் வைக்கவில்லை. அந்த வாக்கைத் தனியாக ஒரு சரக்காக விற்றுக் கமிஷனும் பார்க்கிறார். வண்டி நல்லதா என்ற கேள்விக்கு இந்தத் தாள் பதில் சொல்லவே இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. “உங்க லெட்டர்பேட்ல, மூணு மாசத்துக்கு இன்ஜினுக்கு நான் பொறுப்புன்னு ரெண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க சார், அந்த வாரண்டி வேண்டாம்” என்று கேட்டுப் பார்க்கலாம். நல்ல வண்டி என்று அவருக்கே உறுதியாகத் தெரிந்தால் இது செலவில்லாத வேலை. அதுவரை சரளமாக ஓடிய பேச்சு அந்த இடத்தில் என்ன ஆகிறது என்று பார்த்தால், வண்டியின் அடியில் படுத்துப் பார்ப்பதைவிட அதிகம் தெரிந்துகொள்ளலாம்.

நியாயமாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கார் தயாரிப்பாளர்களே நடத்தும் பழைய கார் பிரிவுகளும், அண்மை ஆண்டுகளில் வந்த பெரிய விற்பனை நிறுவனங்களும், வண்டியைப் பரிசோதித்து ஆறு மாதமோ ஒரு வருடமோ வாரண்டியை விலைக்குள்ளேயே சேர்த்துத் தருவதுண்டு. வெளியே விசாரித்தால் அதே வண்டி விலை குறைவாகக் கிடைக்கலாம். அந்த வித்தியாசத்தில் வாரண்டியின் விலை ஒளிந்திருக்கிறது. ஆனாலும் பழுதான வண்டி அவர்கள் வாசலுக்கே திரும்பி வரும் என்பதால், அகெர்லாஃப் நினைத்ததற்கு அது கொஞ்சம் பக்கத்தில் இருக்கிறது. அதேபோல, முதல் உரிமையாளர் புதிதில் வாங்கிய கம்பெனி நீட்டிப்பு வாரண்டியில் இன்னும் காலம் மிச்சமிருந்தால் அது பெரும்பாலும் வண்டியோடு புதியவருக்கு வந்து சேரும். அதைப் பற்றி யாரும் தானாக வாய் திறப்பதில்லை, விற்று லாபம் பார்க்க முடியாதது என்பதால் இருக்கலாம்.

இனி, தாளுக்குள் என்ன இருக்கிறது? முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இன்ஜின், கியர்பாக்ஸ். பின்பக்கத்தில் சிறிய எழுத்தில் மீதி வண்டி. கிளட்ச் பிளேட், பிரேக், டயர், பேட்டரி, சஸ்பென்ஷன் புஷ், ரப்பர் ஹோஸ், பெல்ட், பல்பு, பெயிண்ட், எலி கடித்த வயர் இவையெல்லாம் கிடையாது. இயல்பான தேய்மானமும் கிடையாது என்று ஒரு வரி இருக்கும். எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டிக்கு வருகிற வியாதி வேறு என்னவாக இருக்கும்? தேய்மானம் நீங்கலாகப் பழைய காரைக் காப்பது என்பது, வயது காரணமான நோய்கள் நீங்கலாக முதியவர்களுக்கு மருத்துவம் பார்ப்பதாகச் சொல்வது.

இதைவிட நுட்பமான இடம் ஒன்று இருக்கிறது. பழைய வண்டியில் பாகங்கள் தனித்தனியாகச் சாவதில்லை, ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகிறது. ரேடியேட்டர் ஹோஸ் ஒன்று வெடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். சில நூறு ரூபாய்ச் சமாசாரம், ரப்பர், தாளில் இல்லை. கூலன்ட் ஒழுகிவிடுகிறது. ஓட்டுகிறவர் கவனிப்பதற்குள் இன்ஜின் சூடேறி, ஹெட் கேஸ்கட் போய், சிலிண்டர் ஹெட் வளைந்துவிடுகிறது. ஹெட் தாளில் இருக்கிறது. ஆனால் அது கெட்டதன் காரணம் தாளில் இல்லை. போதாக்குறைக்கு, சூடு ஏறியதைக் காட்டிய பிறகும் வண்டியை நிறுத்தாதது ஓட்டியவரின் அலட்சியம். டைமிங் பெல்ட் உள்ள இன்ஜின்களில் இன்னும் சுருக்கம்: பெல்ட் அறுந்தால் பல இன்ஜின்களில் பிஸ்டன் வால்வுகளை இடித்து வளைத்துவிடும். வால்வு உள்ளே, பெல்ட் வெளியே. காலம் தவறாமல் பெல்ட்டை மாற்றியதற்கு முந்தைய உரிமையாளரின் பில் எங்கே என்று கேட்பார்கள். அந்த டாக்டரைத் தேடிக்கொண்டு போக வேண்டியதுதான்.

கோரிக்கை வைக்கும் முறையும் யோசிக்கத்தக்கது. முன்அனுமதி இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக் கூடாது. இன்ஜினைப் பிரித்துப் பார்த்தால்தான் காரணம் தெரியும் என்றால், பிரிக்கும் கூலிக்கு முதலில் வண்டிக்காரர் ஒப்புக்கொள்ள வேண்டும். காரணம் விலக்குப் பட்டியலில் போய் விழுந்தால் அந்தக் கூலி அவருடையது. இதற்கிடையே வண்டி ஷெட்டில் நிற்கும். இன்ஜின் ஒருபுறம், நட்டு போல்ட்டுகள் ஒரு வாளியில் மறுபுறம். அந்த நிலையில் இருக்கும் காரின் சொந்தக்காரருக்குப் பேரம் பேசும் தெம்பு குறைவு. பாதிச் செலவை ஏற்கிறோம் என்று சொன்னால் நன்றி சொல்லிவிடுவார்.

தண்ணீர் குடித்த வண்டிகளின் கதை தனி. 2015 டிசம்பரில் சென்னையிலும், பிறகு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கங்களிலும் நின்ற வெள்ளத்தில் மூழ்கிய கார்கள் எல்லாம் காயலான் கடைக்குப் போய்விட்டதாக நினைத்தால் அது நம் நல்ல மனசு. இன்சூரன்ஸ் கம்பெனி முழு இழப்பு என்று எழுதிவிட்ட வண்டியும் ஏலத்தில் யாராலோ எடுக்கப்படுகிறது. கழுவி, சீட் மாற்றி, வாசனை அடித்தால் வேறு மாவட்டத்தில் அது டாக்டர் வண்டி. தண்ணீர் இன்ஜினுக்குள் போன நிலையில் ஸ்டார்ட் செய்யப்பட்டிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்திருக்கும். அது உடனே தெரிந்துவிடும் சேதம். கெடுதல் செய்வது தெரியாத சேதம்தான்: வயரிங் இணைப்புகளிலும் கணினிப் பெட்டியின் முனைகளிலும் மெதுவாகப் பூக்கும் துரு. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக் கோடு தெரியலாம்; சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட்டுகள் துருவேறியிருக்கலாம். வாங்கும் முன் இதைப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். வாங்கிய பின் தாளைப் பார்த்தால், வெள்ளச் சேதமும் விற்பனைக்கு முன்பே இருந்த குறையும் அங்கே தெளிவாக விலக்கப்பட்டிருக்கும்.

சட்டம் துணைக்கு வராதா? 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் பொது நிலைப்பாடு, வாங்குகிறவன் கண்ணைத் திறந்து வாங்க வேண்டும் என்பதுதான். 16ஆம் பிரிவு அதற்குச் சில விதிவிலக்குகள் தருகிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் மாவட்ட ஆணையத்தில் புகார் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குப் புகார்க் கட்டணம்கூட இல்லை; பழைய கார்கள் பல இதற்குள் அடங்கும். ஆனால் குறை விற்பனை நாளிலேயே இருந்தது என்று காட்டும் பாடு புகார்தாரருடையது. தனி ஆளிடம் நேரடியாக வாங்கியிருந்தால் அந்தக் கதவும் ஏறக்குறைய மூடியதுதான். 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி வணிகர்கள் ஆர்டிஓ அலுவலகத்தில் அங்கீகாரச் சான்று பெற வேண்டும், விற்கும்வரை அவர்களே உரிமையாளராகக் கருதப்படுவார்கள் என்று விதி வந்தது. நல்ல விதி. அந்த இடைவெளியில் வண்டி யார்மீதாவது மோதினால் யார் பொறுப்பு என்பதை அது சொல்கிறது. இன்ஜின் போனால் யார் பொறுப்பு என்று சொல்வது அதன் வேலை அல்ல.

வேறு இடங்களில் இதை வேறு விதமாகப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 40,000 மைலுக்குக் குறைவாக ஓடிய பழைய காரை விற்கும் வணிகர் 90 நாள் அல்லது 3,750 மைல் வரை பழுதுக்குப் பொறுப்பேற்றே ஆக வேண்டும். ஓட்டம் கூடக் கூட அந்தக் காலம் 60 நாள், 30 நாள் என்று குறைகிறது. 1,25,000 மைலைத் தாண்டினால் கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2019 ஆணைப்படி பழைய பொருளானாலும் வணிகரின் பொறுப்பை ஓராண்டுக்குக் கீழே குறைக்க முடியாது. அங்கெல்லாம் பழைய கார் வணிகர்கள் ஞானிகளாகிவிட்டார்கள் என்று சொல்லவில்லை. அடிப்படை வாக்குறுதியைக் காரிலிருந்து பிரித்தெடுத்துத் தனியாக விலை போட அவர்களால் முடியவில்லை, அவ்வளவுதான். நம் ஊரில் பிரித்து விற்க முடிகிறது.

கணக்கைப் பார்ப்போம். 12,000 ரூபாயில் 18 சதவீத ஜிஎஸ்டியாக ஏறக்குறைய 1,830 ரூபாய் அரசுக்குப் போகிறது. விற்பனையாளரின் கமிஷன், நிறுவனத்தின் சம்பளம், வாடகை, லாபம் எல்லாம் போக மிச்சமிருப்பதில்தான் எல்லோருடைய பழுதுகளும் பார்க்கப்பட வேண்டும். ஆகவே வாரண்டி வாங்குகிறவர்கள் மொத்தமாகக் கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் அவர்களுக்கு மொத்தமாகத் திரும்பும்; முழுதாகத் திரும்பாவிட்டால்தான் அந்த நிறுவனம் இருக்கும். இது மோசடி இல்லை, காப்பீடு என்றாலே அப்படித்தான். தாங்க முடியாத ஒரு பெரிய அடியிலிருந்து தப்பிக்க, தாங்கக்கூடிய ஒரு சின்ன நஷ்டத்தை நிச்சயமாக ஏற்றுக்கொள்வது. அப்படியானால் கேள்வி காரைப் பற்றியது மட்டும் இல்லை: அந்த அடி உங்களால் தாங்க முடியாததா?

ஏழு வருடமான சிறிய பெட்ரோல் கார், சாதாரண கியர், ஊரில் எந்த மெக்கானிக்கும் கை வைக்கத் தெரிந்த இன்ஜின் என்றால் என் அபிப்பிராயம், அந்தப் பணத்தை வங்கியில் போட்டுவிட்டு அதை வண்டிப் பணம் என்று மறந்துவிடலாம். டர்போவும் இன்ஜெக்டரும் உள்ள டீசல் வண்டி, அல்லது இரட்டைக் கிளட்ச் வகை ஆட்டோமேட்டிக் என்றால் ஒரே பழுது லட்சத்தைத் தாண்டலாம். அங்கே தயாரிப்பாளரின் சொந்த வாரண்டி கிடைத்தால் கொடுக்கிற காசுக்குப் பொருள் உண்டு. நடுவில் இருக்கும் வண்டிகளுக்கு மனசுதான் முடிவு செய்கிறது. அந்த மனசை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். பழைய கார் வாங்குவதைப் பற்றி எல்லாக் குடும்பத்திலும் கருத்து வைத்திருக்கும் மைத்துனர் ஒருவர் உண்டு. வண்டி நின்றால் மெக்கானிக்குக்கு முன்னால் வந்து சேர்வது அவருடைய “அப்பவே சொன்னேனே மாமா”தான். “வாரண்டி இருக்கு மாப்ள” என்று திருப்பிச் சொல்ல முடிவது, கோரிக்கை தேறினாலும் தேறாவிட்டாலும், ஒரு பயன்.

ஆனால் அந்தப் பெரிய அடியை உண்மையிலேயே தாங்க முடியாதவர்கள் யார் என்று பார்த்தால் விஷயம் கனக்கத் தொடங்குகிறது. பன்னிரண்டு வருட வண்டியைக் கடன் வாங்கி எடுக்கிறவருக்கு எந்த நிறுவனமும் அநேகமாக வாரண்டி தராது, வண்டிக்கு வயதாகிவிட்டது. வண்டியை ஓட்டிப் பிழைக்கிறவருக்கு, வாடகை உபயோகம் என்ற ஒரு வரி போதும். மாதச் சம்பளமும் சேமிப்பும் கையில் இருந்து, ஓரளவு புதிய பழைய காரை வாங்கி, கம்பெனி சர்வீஸுக்குத் தவறாமல் விட்டு, எல்லா பில்லையும் ஃபைலில் வைத்திருப்பவரே தகுதியான வாடிக்கையாளர். அதாவது, வாரண்டி இல்லாமலும் சமாளித்துக்கொள்ளக்கூடியவர். கணக்குப் படித்தவர்கள் இதற்கு நியாயமான காரணம் சொல்வார்கள். அபாயம் கூடிய இடத்தில் விலை கூட வேண்டும், கூடினால் அங்கே யாரும் வாங்க முடியாது, ஆகவே விற்பதில்லை. காரணத்தில் பிழை இல்லை.

எங்கள் பகுதி டாக்ஸி ஸ்டாண்டில் ஓட்டும் ஒருவர் போன வருடம் டி-போர்டு வண்டி ஒன்றைப் பழையதாக எடுத்தார். எடுக்கும் முன் தனக்குப் பழக்கமான மெக்கானிக்கைக் கூட்டிப் போய்க் காட்டினார். காலையில், இன்ஜின் சூடாகும் முன் போய் நின்றார்கள். மெக்கானிக் முதல் ஸ்டார்ட்டின் சத்தத்தைக் கேட்டார், ஆயில் மூடியைத் திறந்து உள்ளே வெண்ணெய் மாதிரி ஏதாவது படிந்திருக்கிறதா என்று பார்த்தார், சைலன்சர் பக்கம் கையை வைத்தார், பானெட் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடத்தைத் தேடினார். எடுக்கலாம் என்றார். இதை ஒரு பொற்காலமாக வரைய எனக்கு எண்ணமில்லை. மெக்கானிக்குகளில் புரோக்கரிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு எடுக்கலாம் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், இவரும் வாங்கினாரா என்று யாருக்குத் தெரியும்? ஆனால் வண்டி படுத்தால் அது வந்து நிற்கப்போவது அவருடைய ஷெட்டில். ஸ்டாண்டில் இருக்கும் மற்ற வண்டிகளும் அங்கேதான் வேலைக்குப் போகின்றன. சொன்ன சொல் பொய்த்தால் அவருக்கு நஷ்டம் உண்டு.

நாலாவது மாதம் கிளட்ச் போய்விட்டது. மெக்கானிக் பாதிக் கூலிக்கு வேலை பார்த்தார். பிளேட் செட் காசை இரண்டு தவணையில் வாங்கிக்கொண்டார். பாதிக் கூலி எதற்கு, அவர் செய்த தப்பா இது என்று கேட்டேன். “இல்லண்ணே, எடுக்கச் சொன்னது அவருதானே” என்றார் டிரைவர். டி-போர்டுக்கு வாரண்டி கிடைக்காது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கிடைத்திருந்தாலும் கிளட்ச் அதில் வராது என்பதை நான்தான் சொன்னேன்.